குண்டத்தில் நின்ற கால்

சூலூர்ப் பக்கம் விசைத்தறிப் பட்டறை வைத்திருக்கும் தம்பிதுரையை, இந்தத் திருவிழா வரைக்கும் ஊரில் யாரும் பெரிதாக மதித்ததில்லை. தறிச் சத்தத்திலேயே வளர்ந்த மனுஷன், மெதுவாகப் பேச வராது. பேசினால் சொந்தப் பெருமையைத் தவிர வேறு எதுவும் வராது. அப்பேர்ப்பட்டவரை மாரியம்மன் கோயில் குண்டம் ஒரே காலையில் சாமியாக்கிவிட்டது. எல்லோரும் விழுந்தடித்து ஓடிக் கடக்கிற நெருப்பில், இவர் நட்ட நடுவே நின்றார். கங்கின் மேல் நின்றபடியே ஆத்தாளைக் கும்பிட்டுவிட்டு, சந்தைக்குப் போகிறவர் மாதிரி ஆற அமர நடந்து கரையேறினார். ஜனம் குலவை போட்டது. வயதில் மூத்தவர்கள்கூடக் காலைத் தொட்டார்கள்.

“சூடே தெரியலைங்க!” என்றார் எல்லோரிடமும்.

அது பொய்யில்லை, சத்தியமாகத் தெரியவில்லை. பல வருஷத்துச் சர்க்கரை அவருக்கு. செருப்பு கழன்று வழியில் கிடப்பதுகூடத் தெரியாமல் வீடு வந்து சேர்கிற கால் அது. போதாக்குறைக்குக் காப்புக் கட்டிய அன்றே மாத்திரையை நிறுத்தியிருந்தார். விரதத்துக்குச் சோறு ஆகாது என்று பழமும் பானகமுமாகவே ஓட்டினார். சர்க்கரைக்காரன் சொம்பு சொம்பாக வெல்லத் தண்ணி குடித்தால் என்ன ஆகும்? மனைவி நாச்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “ஆத்தா பாத்துக்குவா, நீ சும்மா இரு” என்று வாயை அடைத்துவிட்டார்.

சரி, பெருமைப்பட்டதோடு நின்றாரா? அதுதான் இல்லை. பக்கத்து வீட்டுச் சரவணன் மனைவி புவனாவும் அன்றைக்குக் குண்டம் இறங்கியிருந்தாள். ஓடித்தான் கடந்தாள்; ஆனாலும் உள்ளங்காலில் நெல்லிக்காய் கணக்காகக் கொப்புளம். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து, அத்தனை பேர் நடுவில் இவர் சொன்னார்: “வெரதம் சுத்தமா இருந்திருந்தா ஆத்தா சுடுவாளா அம்மணி? ஊட்டுல என்ன தீட்டு நடந்துச்சோ, யாரு கண்டா!”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த புவனாவின் மாமியார் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து மருமகளைச் சாமி விளக்கைத் தொடவிடவில்லை. கொப்புளம் நாலு நாளில் வற்றி, தோல் உரிந்து, கால் பழையபடி ஆகிவிட்டது. பேச்சு மட்டும் ஆறவில்லை.

தம்பிதுரையின் காலிலும் தீ பட்டுத்தான் இருந்தது. அதை அவர் பார்த்ததே, வீட்டுத் தரையில் ஈரமாகப் பதிந்த தன் கால் தடத்தைப் பார்த்த பிறகுதான். உள்ளங்கால் வெந்து கிடந்தது. அவருக்குக் குலை நடுங்கிப்போயிற்று, ஆனால் வலியால் இல்லை. ஊருக்குத் தெரிந்தால்? புவனாவைச் சொன்ன மாதிரி நம்மையும் சொல்லாமல் விடுவார்களா? மறுநாளே கோயமுத்தூர் போய் ஷூ வாங்கி வந்தார். பட்டறையில் ஷூ, கல்யாணப் பந்தலில் ஷூ. “என்னுங்க, மாப்ளையாட்டம் இருக்கறீங்க!” என்று ஆட்கள் கிண்டல் செய்தார்கள், இவரும் மீசையை நீவிக்கொண்டார்.

பிறகு பட்டறையில் நாற்றம் வந்தது.

“எலி எங்கியோ செத்துக் கெடக்குதாட்ட இருக்குது” என்றாள் நாச்சியம்மாள். தறிகளை நிறுத்திவிட்டுத் தேடினார்கள். பாவு உருளைக்கடியில், பஞ்சுத் தூசிக்குள், கழிவு நூல் மூட்டைக்குப் பின்னால். தம்பிதுரையும் டார்ச்சை வாங்கிக்கொண்டு குனிந்து குனிந்து தேடினார். எலி எது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் தேடினார் பாருங்கள், அந்த வெட்கக்கேட்டை என்னவென்று சொல்ல! அன்று ராத்திரி குளிர்க்காய்ச்சல் கண்டு, விடிவதற்குள் நினைவு தப்பியது.

ஆஸ்பத்திரியில் காலைப் பார்த்த டாக்டர் லாஸ்யா, அவர் கண் விழித்ததும் கேட்டாள்: “எப்படிச் சுட்டுதுங்க?”

“பைக் சைலன்சருங்க.”

“சைலன்சர் உள்ளங்கால்ல எப்படிங்க படும்?”

நாச்சியம்மாள் அவரையே பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

“சாதாரணமா இந்த மாதிரிக் காயம் ஆறிடுமுங்களே, இவருக்கு மட்டும் ஏனுங்க இப்படி?” என்று கேட்டாள் நாச்சியம்மாள்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “காயம் பட்டா அந்த எடத்துல இருந்து ரத்தத்துக்கு ஒரு சேதி போகுமுங்க. ரத்தத்துல ஓடற வெள்ளணுங்க அதைக் கேட்டு, ரத்தக் குழாய்ச் சுவத்துல ஒட்டி உருண்டு வந்து, இடுக்குல பூந்து வெளிய போய், கிருமியை முழுங்கும். கூப்புட்ட கொரலுக்கு ஓடி வர்ற சொந்தபந்தம், ஒறம்பரையாட்டம்னு வெச்சுக்கங்க. சர்க்கரை ஏறிக் கெடந்தா அதுங்களுக்குத் தெசை தப்பிப்போகுது. காயமே இல்லாத எடத்துல குழாய்ச் சுவத்தைப் புடிச்சுத் தொங்கிட்டு, அங்க வீக்கத்தை உண்டாக்குது. காயத்துக்கு லேட்டா வருது. வந்ததும் சரியா வேலை செய்யாது. செய்யாட்டியும் பரவால்லைன்னா, திரும்பிப் போகவும் மாட்டேங்குது. புண்ணு புண்ணாவே நிக்குது.”

“எழவு ஊட்டுக்கு வந்து, ஒரு கை குடுக்காம தின்னுட்டே உக்காந்திருக்கறவனாட்ட” என்றாள் நாச்சியம்மாள்.

“அதேதானுங்க. ஆனா தப்பு அதுங்க மேல இல்லை. வலி தெரிஞ்சிருந்தா இவரு அன்னைக்கே வந்திருப்பாரு. நரம்பு செத்துப்போச்சு, காலு இவரைக் கூப்புடவே இல்லை.”

புண்ணை மறைத்தது கால் இல்லை, தான்தான் என்பது தம்பிதுரைக்குத் தெரியும். போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டார். இரண்டு விரல்களை எடுத்துத்தான் மீதிக் காலைக் காப்பாற்றினார்கள்.

வீட்டுக்கு வந்தபின் தினமும் கட்டு மாற்ற வேண்டும். புண்ணைப் பார்த்தாலே நாச்சியம்மாளுக்குத் தலை சுற்றியது. இரண்டாம் நாள், யாரும் கூப்பிடாமலே புவனா வந்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். தரையில் உட்கார்ந்து அவர் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவருக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. காலை இழுக்கப் பார்த்தார், அவள் விடவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா அவள் மாமியார் வர வேண்டும்? பையில் ஆர்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாகப் படியேறியவள், வாசலிலேயே நின்றுவிட்டாள். “ஏ புவனா, எந்திரி! ஆத்தா நிறுத்தி வெச்ச காலு அது. நீ தொட்டுத் தீட்டாக்கிப்போடாத!”

புவனா காலைத் தரையில் இறக்கப் போனாள்.

“இருக்கட்டும் அம்மணி” என்றார் தம்பிதுரை. வாழ்நாளில் முதல் தடவையாக அவர் குரல் தறிச் சத்தத்துக்குக் கீழே இருந்தது. “அக்கா, ஆத்தாளும் நிறுத்தலை, ஒருத்தரும் நிறுத்தலைங்க. சக்கரைல காலு செத்துப்போய்க் கெடந்துச்சு. இந்தப் புள்ள இப்பத் தொடறதும் தெரியலை, அன்னைக்கு நெருப்பும் தெரியலை. தெரியாமத்தான் நின்னேன். உசுருள்ள காலு அன்னைக்கு இவளுதுதானுங்க.”

மாமியார் கையிலிருந்த பையைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டே இருந்தாள். நாச்சியம்மாள் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

புவனா குனிந்தபடி பழைய துணியைப் பிரித்து, மருந்துத் தண்ணியை ஊற்றி, புண்ணைத் துடைத்தாள். கட்டுப் போட்டு முடிச்சும் போட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

“எனக்கு நெம்ப எரிஞ்சுதுங்க மாமா.”