அக்காவின் குரலுக்கு ஒரு லைப்ரரி

புற்றுநோய் என்று அக்காவின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்கு முன்பே அவளைப் பேசவைத்துப் பதிவு செய்திருந்தேன். அவள் தட்டச்சு செய்வதை அவள் குரலிலேயே சொல்லும் ஒரு நிரலை, ஜெலாப்பாங் வீட்டு மேசைக் கணினியில் ஓடவிடுவது என் பொறுப்பு. "வீட்டுக்கு வாரப்ப நான் பேசணும்டா," என்று சொல்லிவிட்டுத்தான் அறுவைக்குப் போனாள்.

அந்த நிரல் ஓட ஒரு லைப்ரரி வேண்டும். மற்ற நிரல்கள் இரவல் வாங்கிக்கொள்ளும் நிரல் மூட்டை அது. எங்கள் பழைய கணினிக்கு அது தயாராகக் கிடைக்கவில்லை. மூலநிரலை இறக்கி நானே கட்டியெடுக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு முறையும் பாதிவரை ஓடி நின்றது. கோப்பைக் காணோம் என்றது. சனியனே, கோப்பு என் கண்ணெதிரே இருக்கிறது! தோட்டத்துப் பெரட்டில், காலையில் பேர் கூப்பிட்டு ஆள் எடுக்கும்போது, முன்னால் நிற்கிறவன் பேரையே கங்காணி கூவிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

அவள் வீடு திரும்பும் காலையிலும் அதே கதைதான். ஈப்போ மருத்துவமனையிலிருந்து அக்காவின் கணவர் அழைத்தார்.

"டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க லா. ஒங்கக்கா கைய ஆட்டி ஆட்டி கேக்குறா. ரெடியா?"

"ரெடி மச்சான், வாங்க," என்று கூசாமல் புளுகினேன். போனை வைத்ததும் விசைப்பலகைமேல் தலையைக் கவிழ்த்து அழுதேன். என் தம்பிக்குக் கம்ப்யூட்டரில் எல்லாம் தெரியும் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் அவள்.

அழுது முடித்து, பிழைச்செய்தியை முதன்முறையாக மேலிருந்து படித்தேன். அதுவரை கடைசி வரியைத்தான் முறைத்துக்கொண்டிருந்தேன். கோப்புறையின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி நின்றது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பசார் சாமான் சீட்டைக்கூட அக்கா 'உ' போடாமல் எழுதமாட்டாள். நான் இந்தக் கோப்புறையைத் திறந்த அன்று பின்னால் நின்று, "பிள்ளையார் சுழி போட்டியா?" என்று கேட்டாள். கோப்புறையின் பெயருக்கு முன்னால் ஒரு 'உ' போட்டேன். கட்டும் நிரலுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. வழி தெரியாமல் அங்கேயே முட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு 'உ'வை நீக்கினேன். பழையதை அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டினேன். வாசலில் கார் வந்து நின்றபோது கடைசி வரியும் பிழையில்லாமல் ஓடி முடிந்தது.

கழுத்தில் கட்டோடு அக்கா கணினிமுன் உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னேன். முகத்தைச் சுளித்து, ஒற்றை விரலால் தட்டினாள்.

"சுழிய எடுத்துட்டியா? போடுடா," என்றது அவள் குரல்.

கோப்புறையில் போட்டால் மறுபடியும் ஊமையாகிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. சாமி மேடையிலிருந்து சந்தனத்தைக் குழைத்து வந்து, திரையின் மேல்விளிம்பில் 'உ' எழுதினேன். அக்கா அண்ணாந்து பார்த்தாள். மறுபடியும் தட்டினாள்.

"கோணலா இருக்கு."

மச்சான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு விசும்பினார்.