முன்சக்கரத்துக்குக் கட்டிய மஞ்சள் துணி

மோட்டார் சைக்கிளின் முன்பக்கம் எண்ணெயில் மினுமினுத்தால், விற்கிறவர் நன்றாக எண்ணெய் போட்டு வளர்த்திருக்கிறார் என்று நம்பிய மனிதன் திருச்சி ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நேற்று சத்திரம் பஸ் நிலையத்தில் ஒரு புது வண்டியின் ஹாண்டில்பாரில் மஞ்சள் துணி முடிந்திருந்தது. மற்றவர்களுக்கு அதைப் பார்த்தால் சாமி ஞாபகம் வரும். எனக்கு எண்ணெய் நாற்றம் வந்தது.

அறுபதுகளில் எனக்குத் திருவெறும்பூரில் வேலை, ஸ்ரீரங்கத்தில் குடித்தனம். கல்யாணமாகி எட்டு மாதம். பஸ் மாறி மாறி அலுத்துப்போய், கண்டோன்மெண்டில் ஒரு வக்கீலிடம் பழைய வண்டி வாங்கினேன். உறையூரில் இருந்த மாமனார், "அடுத்தவன் தள்ளிவிடுற வண்டி வேணாம் மாப்ளே" என்று சொல்லியிருந்தார். அதற்காகவே வாங்கினேன் என்றும் சொல்லலாம். அந்த வயதில் என் அறிவு அப்படித்தான் வேலை செய்தது.

நாலாம் நாளே, பிரேக் பிடித்தால் வண்டி குனிந்து கும்பிடு போட்டது. பாலக்கரையில் பட்டறை வைத்திருந்த கரீம் பாய், முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு குழாய்களையும் தடவி, விரலை மோந்து பார்த்தார்.

"எண்ணெய் ஒழுகாம தடுக்குற சீல் போயிடுச்சு சார். எண்ணெய் வீலுக்குள்ள எறங்குச்சுன்னா பிரேக் பிடிக்காது. சீல் மெட்ராஸ்லேர்ந்து வரணும். வண்டிய விட்டுட்டுப் போங்க."

"வெள்ளிக்கிழமை மாமனார் வீட்டுக்கு இதுலதான் வர்றேன்னு சொல்லிட்டேன் பாய்."

"மாமனாரு எங்கயும் ஓடிட மாட்டாரு சார்."

வண்டியோடு வீட்டுக்கு வந்தேன். பழைய வேட்டியைக் கிழித்து மஞ்சளில் நனைத்துக் காயவைத்து, ஒழுகல் தெரியாதபடி இரண்டு குழாயிலும் சுற்றிக் கட்டினேன்.

"என்னங்க இது?" என்றாள் என் மனைவி கமலா.

"வேண்டுதல்."

"என்ன வேண்டுதல்?"

"சொன்னா பலிக்காது."

தெருவில் என் மதிப்பு ஏறிவிட்டது. அதுவரை என்னிடம் பேசாத எதிர்வீட்டுக்காரர்கூட, "இந்தக் காலத்துல இவ்வளவு பக்தியா!" என்றார். எண்ணெய் ஊறிய துணியைத் தினம் காலையில் ரகசியமாக மாற்றினேன். துணி மாற்றுகிற ரகசியம் இரண்டு நாள்தான் தாங்கியது; எண்ணெய் ரகசியம் தாங்கியது. வேண்டுதலுக்குத் தினம் புதுத் துணி வேண்டும்போல என்று கமலாவே மஞ்சளில் நனைத்து உலர்த்தி, கண்ணில் ஒற்றிக்கொண்டு என் கையில் கொடுக்க ஆரம்பித்தாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். எதற்கெடுத்தாலும் தமாஷ் பேசுகிற வாய், அன்றைக்குப் பார்த்து மூடிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை கமலாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு காவேரிப் பாலத்தைத் தாண்டி இறங்கும்போது, முன்னால் போன பஸ் நின்றது. முன்பிரேக்கைப் பிடித்தேன். பிடி வந்தது, வண்டி நிற்கவில்லை. பின்பிரேக்கை மிதித்தேன், வழுக்கியது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. கமலா இடது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. இன்றைக்கும் அவளால் ஈரத்துணியை முறுக்கிப் பிழிய முடியாது. துணி பிழிவது என் வேலை.

கரீம் பாயின் பட்டறை இருந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை. வண்டியை அப்போதே விற்றுவிட்டேன், சீல் மாற்றித்தான். அதற்குப் பிறகு எத்தனையோ வண்டி வந்து போய்விட்டது. பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடிக்கிற கை மட்டும் திரும்ப வரவில்லை. எங்கே போனாலும் அவள் பஸ்தான்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்ட பிறகு, உண்மையைச் சொன்னேன். கமலா அழவில்லை.

"ஒழுகுதுன்னு சொல்லியிருந்தா பஸ்ல போயிருப்போம். தெனம் அந்தத் துணியக் கண்ணுல ஒத்திக்கிட்டேனே, பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"