இரைச்சல் நின்ற ஆம்ப்ளிஃபயர்

தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்த பிறகு அக்காவுக்குக் குரல் திரும்பவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. குரல் நாண்களில் ஒன்று இனி அசையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ராயபுரத்தில் எங்கள் தெருவில் குகை மாதிரி கட்டிய மாதா கெபியின் முன்னால் மே, அக்டோபர் இரண்டு மாதமும் முழுக்க ஜெபமாலை நடக்கும். முன்னின்று சொல்பவள் அக்கா. மைக் இல்லாமலே தெருமுனை வரை கேட்கும். இந்த அக்டோபரிலும் அவளே சொல்ல வேண்டும் என்று நான் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் செய்தேன்.

சுவிட்சைப் போட்டதும் ஸ்பீக்கரில் கனத்த இரைச்சல். அவளுடைய மூச்சுக்குரல் அதில் மூழ்கிப்போனது. அக்கா என் காதருகே வந்தாள். "இன்னாடா, ஹார்பர்லேர்ந்து கப்பலை இட்டாந்து வூட்ல கட்டிட்டியா?"

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என் வழக்கம். இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. முதலில் டிரான்ஸ்ஃபார்மரைப் பெட்டியின் மறுமூலைக்குக் கொண்டுபோனேன். பிறகு மைக் வயரைக் கரண்ட் வயரிலிருந்து பிரித்து, உள்ளே கம்பி வலை சுற்றிய வயராக மாற்றினேன். அங்கங்கே பற்றவைத்திருந்த எர்த் வயர்களை ஒரே திருகில் சேர்த்தேன். ஒவ்வொரு முறையும் இரைச்சல் கொஞ்சம் தணிந்தது. ஒவ்வொரு முறையும் அக்கா பேசிப் பார்த்துவிட்டு, "பொட்டி இன்னும் சரியில்லடா" என்றாள்.

எதிர்வீட்டுப் பெண் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "யக்கா, இந்தத் தபா நீதான் சொல்லணும். மே மாசம் உனக்குப் பதிலா சொன்ன பொம்பள, ரயிலுக்கு லேட்டான மாரி ஓட்டுது."

"தம்பி ரெடி பண்ணிகினு கீறான்" என்றாள் அக்கா.

"இன்னாது?"

நான் அதைத் திருப்பிச் சொன்னேன்.

அக்கா மைக்கின் இரும்புப் பகுதியைப் பிடித்தால் மட்டும் மிச்ச இரைச்சல் குறைவதை அன்றுதான் கவனித்தேன். அப்படியென்றால் அவள் உடம்புதான் எர்த்தாக இருக்கிறது, வீட்டு லைனில் எர்த் இல்லை. பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தால், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே கிடையாது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இழுக்க வைத்தேன்.

மறுபடி சுவிட்சைப் போட்டேன். சத்தமே இல்லை. கெட்டுப்போய்விட்டதோ என்று மைக்கைத் தட்டினேன். டொக்கென்றது. அக்காவிடம் நீட்டினேன்.

அவள் ஜெபத்தைத் தொடங்கினாள். ஒவ்வொரு சொல்லுக்கு முன்னாலும் மூச்சை இழுக்கும் சத்தம், எச்சில் விழுங்கும் சத்தம், பாதியில் உடைந்து காற்றாகும் சொல். எல்லாம் துல்லியமாகக் கேட்டன. ஒரு ஜெபத்தைக்கூட அவளால் முடிக்க முடியவில்லை.

"இதான் நானா?" என்று ஸ்பீக்கரில் கேட்டது.

நான் வால்யூமைத் திருகப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாணாம்டா. பொட்டி நல்லாதான் கீது."

அக்டோபரில் பெட்டியைக் கெபிக்குக் கொடுத்துவிடச் சொன்னதும் அவள்தான். எதிர்வீட்டுப் பெண் அந்த மைக்கில் ஜெபமாலை சொன்னாள். அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்து மணிகளை உருட்டிக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "செட்டு சூப்பரா கீதுண்ணா. கொஞ்சம்கூட கொர்ருன்னு இல்ல."

அக்கா ஆமாம் என்று தலையாட்டினாள்.