மழை, பால், எண்ணெய்

கடைசியாக ஆசுபத்திரிக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என் தங்கை தன் மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். நெற்றியிலிருந்து பிடரி வரை, தலையோடு ஒட்டினாற்போல மெல்லிய பின்னல்கள், வரிசை வரிசையாக. பிள்ளையின் தலைமயிர் தகப்பன் பக்கத்தது. அவர் கானா நாட்டுக்காரர். இழுத்துப் பிடித்தால் தோளைத் தாண்டும், விட்டால் சுருண்டு காதுக்கு மேலே ஏறிவிடும், அப்படிப்பட்ட மயிர். பின்னிய கை அதற்குப் பிறகு வீட்டுக்குத் திரும்பவில்லை.

தகப்பனுக்குச் சாமான் கிடங்கில் ஷிப்ட் வேலை. அதனால் பிள்ளை ஜெர்மனியில், டோர்ட்மண்டில் எங்கள் வீட்டிலேயே நின்று பள்ளிக்கூடம் போனாள். ஏழு வயது. அவள் அழுததை நான் அதிகம் பார்க்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. எனக்கு எதற்கும் பயம்தான். தபால்பெட்டி திறக்கப் பயம், டெலிபோன் அடித்தால் பயம்.

செத்த வீட்டில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. நானும் வைக்கவில்லை, அவளுக்கும் வைக்கவில்லை. ஒரு மாதம் எண்ணெய் காணாவிட்டால் எங்கள் தலைக்கு ஒன்றும் ஆகாது. அவளுடைய தலை அப்படி இல்லை என்று எனக்கு யார் சொல்வது? சொல்லக்கூடியவளுக்குத்தானே அந்தியேட்டி செய்துகொண்டிருந்தோம்.

அது முடிந்த மறுநாள் விடிந்ததும், விட்டதையெல்லாம் ஒரே நாளில் ஈடுகட்டுகிறவள் மாதிரி, தேங்காயெண்ணெயைக் கை நிறைய ஊற்றித் தேய்த்தேன். தலையணை எண்ணெயானது. மயிர் மட்டும் காய்ந்தே கிடந்தது. பின்னலின் நுனியைத் தொட்டால் சின்னச் சின்னத் துண்டாக உடைந்து விரலில் ஒட்டியது. தாயைக் கொண்டுபோன வருத்தம் பிள்ளைக்கும் வந்துவிட்டதோ என்று பயந்தேன். அவிழ்த்துப் பார்க்கலாம் என்று சீப்பை எடுத்தேன். அவள் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள்.

"வேண்டாம் பெரியம்மா. அம்மா பின்னினது."

வெள்ளிக்கிழமை தகப்பன் வந்தார். என்னை அக்கா என்று கூப்பிடுவார். அந்த ஒரு சொல்தான் தமிழ், மிச்சமெல்லாம் ஜெர்மன். பிள்ளையின் தலையைப் பார்த்துவிட்டு, மழித்த தன் தலையைத் தடவிக்கொண்டு சிரிக்கப் பார்த்தார்.

"எனக்குத் தெரிஞ்சது மயிர் வெட்டுற மெஷின் மட்டும்தான், அக்கா. எங்கட ஊரில பள்ளிக்கூடம் போற பெட்டையளுக்கு ஒட்ட வெட்டித்தான் விடுறது. வெட்டிவிடுவம். திரும்ப வளரும்."

பிள்ளை எழும்பிக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் கதவுக்கு வெளியே நின்றோம்.

"கொஞ்ச நாள் பொறுங்கோ தம்பி," என்றேன். "நான் ஏதாவது பாக்கிறன்."

சொல்லிவிட்டேனே தவிர, என்ன பார்ப்பதென்று தெரியவில்லை. தங்கையின் போத்தல்களை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து வைத்திருந்தேன். எட்டாம் வகுப்போடு சண்டையால் இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். சலவைத் தொழிற்சாலையில் பழகின ஜெர்மனை வைத்து அந்தப் பொடி எழுத்துகளை வாசிக்க ஏலாது. அதனால் சுருள்மயிர்ப் பிள்ளையின் படம் போட்ட விலை கூடின போத்தல் ஒன்றைக் கடையில் வாங்கினேன். விலை கூடினால் நல்லதாயிருக்கும் என்ற நம்பிக்கை. வாசம் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த நாள் மயிர் வைக்கோல்.

பிறகு ஸ்டேஷனுக்குப் பக்கத்திலிருந்த ஆப்பிரிக்கக் கடைக்குப் போனேன். உள்ளே போக வெட்கப்பட்டு இரண்டு தரம் வாசலைத் தாண்டிப் போய்த் திரும்பினேன். கடைக்காரிக்கு என் வயதிருக்கும். காதில் டெலிபோனை வைத்துக்கொண்டே என்ன என்று தலையை ஆட்டினாள். கைபேசியில் எடுத்த படத்தைக் காட்டினேன். இரண்டு பேருடைய ஜெர்மனும் நொண்டி, ஆனால் விளங்கியது.

"என்ன வைச்சனீங்கள்?"

"எண்ணெய். நிறைய."

"தண்ணி?"

"தண்ணி ஏன்?"

அவள் டெலிபோனைக் கீழே வைத்தாள். "வாடின செடிக்கு நீங்கள் எண்ணெயோ ஊத்துறனீங்கள்?"

அவள் சொன்னதன் சுருக்கம் இதுதான். இந்த மயிருக்கு ஈரம் தண்ணீரால்தான் வரும், எண்ணெய் அந்த ஈரத்தை மூடி வைக்க மட்டும். போத்தலின் பின்பக்கத்தைத் திருப்பி, சாமான்கள் எழுதியிருக்கும் இடத்தில் முதல் சொல்லைப் பார்க்க வேண்டும். அது அக்வா என்றிருந்தால் தண்ணீர் கலந்தது, ஈரத்துக்கு உதவும். மலிவுக் கடையிலும் அது கிடைக்கும். தன் தட்டிலிருந்த பெரிய போத்தலை நான் எடுத்தபோது வாங்கித் திரும்ப வைத்தாள். "அதில போத்தலுக்குத்தான் காசு." ஆமணக்கெண்ணெயைக் கண்டதும் தெரிந்த ஆளைக் கண்ட மாதிரி எடுத்தேன். "கடைசியில. ஒரு துளி," என்றாள்.

பிறகு படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தாள். "இந்தப் பின்னல் காலம் கடந்திட்டுது. அவிழுங்கோ. இன்னும் விட்டால் அடியில சடை பிடிக்கும், பிறகு கத்தரிக்கோல்தான். தாய்க்குத் தெரியாதோ?"

சொன்னேன். அவள் பல் அகன்ற சீப்பு ஒன்றைப் பைக்குள் போட்டாள்.

வீட்டுக்கு வந்து பிள்ளையிடம், அம்மா எப்படிச் செய்வா என்று கேட்டேன்.

"முதல்ல மழை பெய்ய வைப்பா. பிறகு பால். பிறகு எண்ணெய்."

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீங்க கேக்கேல்லை."

குளியலறையில் இருந்த தாயின் போத்தல் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். மழை என்பது பூச்செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் போத்தல். பால் என்பது மலிவுக் கடையில் எல்லாவற்றிலும் கீழ்த்தட்டில் இருக்கும் வெள்ளைக் கொண்டிஷனர். பழசாயிருக்கும் என்று நான் ஒதுக்கி வைத்தது. திருப்பிப் பார்த்தேன். முதல் சொல் அக்வா. நான் நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை நின்றபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவிழ்க்காவிட்டால் அப்பா வெட்ட வேண்டி வரும், குஞ்சு," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை என் முழங்கால்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்தாள். அவள் தலையாட்டினால்தான் அடுத்த பின்னல். மழை, பால், பிறகு நுனியிலிருந்து மேல்நோக்கிச் சீப்பு. கொத்துக் கொத்தாக மயிர் வந்தது. பின்னலுக்குள் உதிர்ந்து கிடந்ததுதான் வரும், பயப்படாதேங்கோ என்று கடைக்காரி சொல்லியிருந்தாள். பயப்பட்டேன். வலது காதுக்குப் பின்னால் கடைசிப் பின்னல் மிச்சமிருந்தபோது அவள் அதைக் கையால் மூடினாள்.

"இது வேண்டாம்."

விட்டுவிட்டேன்.

அன்று பின்னேரம் தகப்பன் வந்து பிள்ளையைத் தூக்கினார். அவளுடைய தலைக்குள் முகத்தை வைத்தார். அந்தக் கொண்டிஷனரின் வாசம் அவருக்குத் தெரியாமலிருக்குமா? அவளை இறக்கிவிட்டுச் சமையலறைக்குள் போனார். தண்ணீர்க் குழாய் வெகுநேரம் ஓடியது. மெஷினைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை.

அந்த ஒற்றைப் பின்னல் கோடை வரை இருந்தது. அதைச் சுற்றி மழை பெய்ய வைத்தேன். படுக்கும்போது, தலையணை ஈரத்தை இழுக்காமலிருக்க, சட்டை தைத்து மிஞ்சின சாட்டின் துணியைத் தலையில் கட்டிவிட்டேன். மற்ற மயிரெல்லாம் மெதுமெதுவென்று ஆகிவர, அது மட்டும் மெலிந்து, அடியில் பஞ்சாகத் திரண்டது. ஒருநாள் தானாக அறுந்து பள்ளிக்கூடத்தில் எங்காவது விழுந்துவிடுமோ, யாராவது கூட்டித் தள்ளிவிடுவார்களோ என்பதுதான் அப்போது என் பெரிய கவலை. பின்னேரம் அவள் வந்து காலிலிருந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே காதுக்குப் பின்னால் பார்ப்பேன்.

விடுமுறை தொடங்கின ஞாயிறு வந்து உட்கார்ந்தாள். நான் வழக்கம்போல அதைத் தள்ளிவிட்டு மற்றப் பக்கம் தொடங்கினேன்.

"இதையும்," என்றாள்.

"உண்மையாவோ?"

"ஓம்."

அடியிலிருந்த பஞ்சை விரலால் பிரித்துப் பிரித்து அவிழ்த்தேன். மயிர் சுருண்டு ஏறவில்லை. சின்னச் சின்ன நெளிவாக, மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. ஒவ்வொரு நெளிவும் என் தங்கையின் விரல் ஒருமுறை மாறின இடம். பிள்ளை எழும்பிக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, அதை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்தாள். தெளிக்கும் போத்தல் என் கையில் இருந்தது. தண்ணீர் பட்டால் அந்த நெளிவு போய்விடும், மற்ற மயிரோடு மயிராகச் சுருண்டுவிடும் என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. அழுத்த முடியவில்லை.

"பெரியம்மா, காயுது," என்றாள்.

"கொஞ்ச நேரம் நிக்கட்டும் குஞ்சு."

நின்றது. அவள் தொட்டுக்கொண்டே நின்றாள். பிறகு என் கையிலிருந்த போத்தலை வாங்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தானே மழையைப் பெய்ய வைத்தாள். நான் பால் போத்தலின் மூடியைத் திறந்தேன்.