மைனிக்கு வாசித்த புத்தகங்கள்

நான் பெண்கள் காலேஜில் பி.காம். படித்துக்கொண்டிருந்தபோது அண்ணனுக்குக் கல்யாணமாகி, மைனி மலையாள நாட்டில் இருந்த எங்கள் ஸ்ரீவராகம் வீட்டுக்கு வந்தாள். நாகர்கோவில்காரி. கதை கிடைத்தால் அவளுக்குச் சோறுகூட வேண்டாம். ஆனால் மலையாளம் படிக்கத் தெரியாது. இங்கிலீஷ் எழுத்துக்கூட்டினால்தான் வரும். பழவங்காடியில் ஒரு மாடியில் இருந்த வாடகை நூலகத்தில் நான் உறுப்பினர். அங்கே தமிழுக்கு ஒரே ஒரு அலமாரிதான். மைனி அதைச் சில மாதங்களிலேயே படித்துத் தீர்த்துவிட்டு, "இனி நீதான் வாசிச்சுச் சொல்லணும் பிள்ளே" என்றாள்.

அம்மா மத்தியானம் கண்ணயர்ந்த பிறகு மைனி துணி மடிக்க உட்காருவாள். நான் மலையாளத்தையோ இங்கிலீஷையோ பார்த்துக்கொண்டே தமிழில் வாசிப்பேன்.

அப்படி வாசித்ததில் ஒரு மலையாள நாவலை நான் தெரிந்து எடுத்துவரவில்லை. அட்டையில் இரண்டு பெண்கள் ஒரே குடையில் நின்றார்கள். ஏதோ காலேஜ் கதை என்று நினைத்தேன். பாதிக்கு மேல் போனபோது, ஹாஸ்டல் அறையில் ஒருத்தி இன்னொருத்தியின் முகத்தைக் கையில் ஏந்தி முத்தமிட்டாள். எனக்கு வாய் ஓடவில்லை.

"என்ன பிள்ளே, நிறுத்திட்ட?"

"எழுத்து சரியாத் தெரியல்ல மைனி."

"மத்தியானம் ரெண்டு மணிக்கா?"

வேறு வழியில்லாமல் வாசித்தேன். காதெல்லாம் சூடாகிவிட்டது. மைனி ஒரு சேலையைப் பாதி மடித்தபடி அப்படியே வைத்திருந்தாள்.

"அப்போ இவ அவளத்தான் நெனச்சிட்டு இருந்திருக்கா. மழையில நனஞ்சாள்லா, அங்கேயே எனக்குத் தோணிச்சு. மேல வாசி."

மறுநாள் முடிவுக்கு வந்தோம். ஒருத்திக்குக் கல்யாணம் செய்து வைக்கிறார்கள். மற்றவள் ஆற்றில் இறங்குகிறாள். கடைசிப் பக்கத்தை என்னால் வாசிக்க முடியவில்லை, அழுகை வந்துவிட்டது. கதைக்காக முன்பும் அழுதிருக்கிறேன். இது வேறு எங்கிருந்தோ வந்தது. எங்கிருந்து என்றுதான் தெரியவில்லை. மைனி என் அழுகையைப் பார்த்தாள். அவளுக்கு வந்தது கோபம்.

"எழுதினவனுக்குக் கொல்லாம இருக்க முடியாதா? ஆத்துல தள்ளிவிட்டா கதை முடிஞ்சிரும்லா. சோம்பேறி."

அதற்குப் பிறகு நான் தேட ஆரம்பித்தேன். எதைத் தேடுகிறேன் என்று நூலகக்காரரிடம் சொல்ல முடியாது. எனக்கே சொல்லத் தெரியாது. பின்னட்டைகளைப் படித்துப் படித்து வைப்பேன். அப்படிக் கிடைத்தது ஓர் இங்கிலீஷ் துப்பறியும் கதை. ஒரே வீட்டில் இரண்டு ஆண்கள். ஒருவன் சமைக்கிறான், மற்றவன் கொலைகாரனைப் பிடிக்கிறான். அவர்கள் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று ஓர் இடத்திலும் எழுதியிருக்கவில்லை.

"ஒரு படுக்கையா, ரெண்டா?"

"எழுதல்ல மைனி."

"அவன் வரதுக்கு நேரமானா இவன் அடுப்ப அணைக்காம உக்காந்திருக்கான். பொறவு என்னத்த எழுதணும்?"

பிறகு ஒரு விண்வெளிக் கதை. அதில் கலத்தை ஓட்டுபவர் ஆணா பெண்ணா என்று கடைசிவரை சொல்லப்படவில்லை. இங்கிலீஷில் அதை எப்படியோ சமாளித்திருந்தார்கள். தமிழில் வாயைத் திறந்தாலே வந்தானா, வந்தாளா என்று தெரிந்துவிடும். நான் 'அவர்' போட்டேன்.

"அவரு அவருன்னா எனக்கு மொகமே வரமாட்டேங்குது. ஆம்பளையா பொம்பளையா, சொல்லிரு."

"அதைத்தான் சொல்லல்லே."

இரண்டு நாள் சண்டை பிடித்தாள். மூன்றாம் நாள் "அந்த அவரு தப்பிச்சாரா?" என்று கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு எந்த முகம் வந்ததோ தெரியாது. எனக்கு வந்தது கம்ப்யூட்டர் கிளாஸ் தோழியின் முகம்.

அவள் மலையாளப் பெண். கிழக்கேகோட்டையில் நாங்கள் படித்த இடத்தில் இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். என்னைத் தாண்டிக் கைநீட்டி அவள் ஒரு விசையைத் தட்டினால், அன்று நடத்திய பாடம் ஒன்றும் எனக்கு ஏறாது. இது என்ன என்று புத்தகங்களிடம் கேட்டேன். ஒன்று ஆற்றைக் காட்டியது. ஒன்று அணையாத அடுப்பு என்றது. ஒன்று, ஆணா பெண்ணா என்பதே முக்கியமில்லை என்றது. ஒரு மாதப் பத்திரிகையில், வீட்டைவிட்டு விரட்டப்பட்ட அரவாணி ஒருத்தி தாயின் சாவுக்கு வந்து வாசலுக்கு வெளியே நிற்கும் சிறுகதை வந்திருந்தது. அவள் நான் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தது. ஆனாலும் அந்த வாசல் மட்டும் தெரிந்த இடம் போல இருந்தது. படித்ததால் இப்படி ஆகிறேனா, இப்படி இருப்பதால்தான் படிக்கிறேனா? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடியது.

படிப்பு முடிந்ததும் தக்கலையிலிருந்து ஒரு வரன் வந்தது. பாங்கில் வேலை, நல்ல குடும்பம். நான் வேண்டாம் என்றேன்.

"அதென்ன, சும்மா வேண்டாம்னா? பையனுக்கு என்ன கொறச்சல்? காரணம் பற" என்றான் அண்ணன். அவனுக்குக் கோபம் வந்தால் மலையாளம்தான் முந்தும்.

"தெரியல்ல."

"வேற யாராவது உண்டா?" என்று அம்மா கேட்டாள்.

அதற்கும் தெரியவில்லை என்றுதான் சொன்னேன். அது பொய்யில்லை. அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். பரிமாறிக்கொண்டிருந்த மைனி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவளுக்கே தெரியாதத அவ எப்பிடி அத்தை சொல்லுவா? வேலைக்குப் போட்டும். தெரியும்போது சொல்லட்டும்."

அண்ணன் அவளை முறைத்தான். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. ஆனால் தக்கலைக்கு வேண்டாம் என்று பதில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் தம்பானூரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்தேன்.

அடுத்த வருடம் தோழிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை துபாயில். நானும் மைனியும் போயிருந்தோம். அவள் என் கையைப் பிடித்து, "நீ வந்நல்லோ" என்று, நான் வந்துவிட்டதற்காகச் சிரித்தாள். அவளுக்கு ஒன்றுமே தெரியாது. துக்கத்தில் தொண்டை அடைக்கும் என்று நாவலில் படித்திருந்தேன். எனக்கோ நன்றாகப் பசித்தது. இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்தேன். அப்படியென்றால் அது ஒன்றுமில்லையா? பஸ்ஸில் திரும்பும்போது மைனியின் தோளில் சாய்ந்தேன். இறங்கும் வரை நிமிரவில்லை. அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பிறகு காலம் கொஞ்சம் மாறியது. புத்தகக் கடையில் பின்னட்டையிலேயே 'லெஸ்பியன்' என்று அச்சடித்த கட்டுரைத் தொகுப்பு ஒன்று வெளிப்படையாகக் கிடந்தது. வாங்கினேன். அதில் எழுதியிருந்த பெண்களுக்கெல்லாம் தங்களைப் பற்றித் தெளிவாகத் தெரிந்திருந்தது, சிறு வயதிலிருந்தே தெரிந்திருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தச் சொல்லை எனக்கு உடுத்திப் பார்த்தேன். ஓரிடத்தில் பிடித்தது, ஓரிடத்தில் தொளதொளத்தது. ஆனால் கழற்றிப் போடவும் மனசில்லை.

மைனிக்கு அப்போது இரண்டு பிள்ளைகள். கதை கேட்க நேரமில்லை. அவள் பிள்ளைகளுக்கு யூனிபார்ம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"மைனி, அந்த ஹாஸ்டல் பிள்ளைங்க மாதிரி நானும் இருக்கலாம்."

"இருக்கலாம்னா?"

"உறுதியாத் தெரியல்ல. ஆனா இருக்கலாம்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் சரியா மனசிலாகல்ல கேட்டியா. புஸ்தகத்துல வந்தப்போ எளுப்பமா இருந்துது. நம்ம வீட்டுல, நீன்னு வரும்போது பயமா இருக்கு." சட்டையின் காலரைத் திருப்பிப் போட்டாள். "நீ சந்தோஷமாட்டு இருக்கியா?"

"பாதி நாள்."

"எனக்கும் அம்புட்டுத்தான்" என்றாள்.

அந்தக் கட்டுரைத் தொகுப்பைக் கேட்டு வாங்கித் தன் அறைக்குக் கொண்டுபோனாள். இங்கிலீஷ் புத்தகம், அவள் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டும்.