ஒல்லிப் பிள்ளையின் இரத்தம்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கோயில் மண்டபத்தில் இலவச மருத்துவ முகாம். என் தங்கைக்குக் கனத்த உடம்பு. இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இருக்குமோ என்ற பயத்தில் அவளை அழைத்துப் போனேன். அவளுடைய பதினான்கு வயது மகள் துணைக்கு வந்தாள். ஊக்கு குத்தாமல் அவள் இடுப்பில் பள்ளிப் பாவாடை நிற்காது.

வரிசையில் இருந்தவர்கள் தடித்தவர்கள் அல்லது வயதானவர்கள். ஒல்லிப் பிள்ளைகளை யாரும் வரிசையில் நிறுத்தவில்லை. அவர்களுக்கு வேறொரு மேசையில் பிஸ்கட்டும் சீனிப்பாகு கரைத்த சிரப் தண்ணியும் கொடுத்தார்கள்.

ஊசியைப் பார்த்ததும் தங்கை கையை இழுத்துக்கொண்டாள்.

"எறும்பு கடிச்ச மாதிரிதான் லா. இங்க பாரு," என்று மகள் தன் விரலை நீட்டினாள்.

தாதி சிரித்துக்கொண்டே அவள் விரலில் குத்தினார். கருவியில் எண் வந்ததும் சிரிப்பு நின்றது.

"என்ன குடிச்ச?"

"சிரப் தண்ணி, மிஸ்."

"அதான்," என்றாள் தங்கை. "இதுக்கா இனிப்பு நீர்? ஃபேன் போட்டா பறந்துரும்."

தங்கையின் அளவு சரியாக இருந்தது.

கிள்ளான் கிளினிக்கில் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தமும் மகளுக்கு இனிப்பு நீர் என்றே சொன்னது. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு தெரிந்தது. டாக்டர் இளம் பெண்; தங்கையிடம் கேட்டார்.

"பொறக்கும்போது எடை கம்மியா, அக்கா?"

"கம்மிதான். அப்புறமும் சரியாவே சாப்பிடல."

"சாப்பாடு பத்தாம வளந்த உடம்புல இப்படி வரலாம். வெளிய எலும்பு தெரியும், உள்ள கொழுப்பு சேரும். பட்டினி போட்டுறாதீங்க, எடை ஏறணும். சீனியக் குறைங்க, சோத்தக் குறைங்க. முட்டை, மீன், பருப்பு, காய் கூட்டுங்க."

தங்கை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். விடியுமுன் அவளை ஷா ஆலம் தொழிற்சாலை பஸ் ஏற்றிக்கொள்ளும்; இருட்டிய பிறகு கொண்டுவந்து விடும். இடைப்பட்ட நேரத்தில் மகள் அடுக்குமாடியில் தனியாக இருக்கிறாள். ஒல்லி என்பதாலேயே எந்த வீட்டுக்குப் போனாலும் அவளுடைய தேத்தண்ணியில் சீனி சேர்ந்த டின் கெட்டிப்பாலைக் கூடுதலாக ஊற்றுவார்கள். சதை பிடிக்கட்டும் என்று தங்கையும் பல வருடங்களாக அப்படித்தான் ஊற்றினாள்.

அன்றிரவு சாப்பிட உட்கார்ந்தோம். தங்கை மகளின் தட்டில் சோறு போட்டாள். ஒரு கரண்டிச் சோற்றைத் திரும்பப் பானைக்கு எடுத்தாள். பிள்ளையின் மணிக்கட்டைப் பார்த்தாள். எடுத்ததை மறுபடியும் தட்டில் வைத்தாள். முட்டையைப் பக்கத்தில் தள்ளினாள். கரண்டி இன்னொரு முறை சோற்றுக்குள் போனது.

"போடுறியா, எடுக்குறியா? ஒண்ணு சொல்லும்மா," என்றாள் மகள். "பசிக்குது."

தங்கை என்னைப் பார்த்தாள். கரண்டி தட்டுக்கு மேலேயே நின்றது.