பேய்க்கு விழுந்த தேயிலைக்காய்கள்

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளுக்குப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்துவரும் நூலகர் நான். பிள்ளைகளே வாக்களித்து ஒரு புத்தகத்துக்கு விருது கொடுக்கட்டும் என்று போன வருடம் கிளப்பிவிட்டதும் நான்தான். வெல்கிற புத்தகத்தை எல்லாப் பாடசாலைக்கும் வாங்கிக் கொடுப்பதாக ஏற்பாடு. போட்டியில் இருந்தவற்றில் ஒன்று, விருதுக் குழுத் தலைவர் தாமே எழுதிய நீதிக் கதைகள். அவர் ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

இன்னொன்று பேய்க் கதை. தேயிலை ஆலையின் மாடியில் ஒளிந்திருக்கும் பேய். ஒரே பிரதி என்பதால் பாடசாலை பாடசாலையாகச் சுற்றியது. ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பாதி வாசித்திருந்தபோது அதைப் பிடுங்கி வட்டகொடைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து அவள் என்னைக் கண்ட இடத்தில் மறித்தாள்.

"மிஸ், அந்தப் பேய் மாடியிலருந்து எறங்குச்சா இல்லையா?"

"அது ஜெயிச்சா புத்தகம் இங்கயே வரும். வாசிச்சுத் தெரிஞ்சுக்கோ," என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

வாக்குச்சீட்டு அச்சடிக்கச் சோம்பல்பட்டு, ஆளுக்கொரு தேயிலைக்காய் தருவேன், பிடித்த புத்தகத்தின் வாளியில் போடுங்கள் என்று பத்து நாள் முன்பே சொல்லிவைத்தேன். தோட்டமெங்கும் உதிர்ந்து கிடக்கும் பொருளை வாக்காக்கிய புத்திசாலி இந்த நாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவள் பாடசாலையில் நடந்த வாக்கெடுப்பின் முடிவில் பார்த்தால் மற்ற வாளிகளின் அடியில் ஏதோ கொஞ்சம். பேய் வாளியும் நீதி வாளியும் நிரம்பி வழிந்தன. நீதி வாளிக்கு உபயம் பாடசாலை அதிபர். காலையில் தூறலிலேயே மேல்வகுப்புப் பிள்ளைகளை விட்டுப் பொறுக்க வைத்திருக்கிறார். பேய்க்கு உபயம் யார் என்று நான் கேட்கவே இல்லை.

"மறுபடி வாக்கெடுப்பு வைப்போம், சேர்," என்றேன். தலைவர் இரண்டு வாளிகளையும் பார்த்தார். அவருடையதுதான் குவியலாக இருந்தது.

"எதுக்கு வீண் வேலை? நிறுத்துப் பாத்தாப் போச்சு."

மதியச் சாப்பாட்டு அரிசி நிறுக்கும் தராசு வந்தது. பரிசளிப்புக்கு வந்திருந்த, கொழுந்து பறிக்கும் தாய்மார் சுற்றி நின்றார்கள். நீதி ஒரு கிலோ கூட. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச எழுந்தார்.

"சேர், ஈரத்துக்குக் கழிக்கலையே," என்றாள் அந்தச் சிறுமி.

"என்ன ஈரம்?"

"அது காலைல மழையில பொறுக்கின காய். நிறுவை மடுவத்துல எங்கம்மா பறிச்ச தேயிலைக் கொழுந்தை நிறுக்கிறப்ப, ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிச்சுத்தான் எழுதுவாங்க."

"அப்போ அந்த வாளிக்கும் கழி!"

"அது ஒரு வாரமா எங்க அடுப்புக்கு மேல காஞ்சதுங்க, சேர். தொட்டுப் பாருங்க."

அவர் தொட்டுப் பார்த்தார். பாவம், சுக்காகக் காய்ந்திருந்தது.

"நியாயந்தானே, சேர்," என்றார் ஒரு தாய். "எங்களுக்குன்னா கேக்காமலே கழிக்கிறாங்க." கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தலைவர் உட்கார்ந்துவிட்டார். நடுநிலையாக இருக்க வேண்டியவள் நான். ஆனாலும் அந்த இரண்டு கிலோவை உரக்கச் சொல்லிக் கழித்தபோது எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

புத்தகங்கள் வந்ததும் முதல் பிரதியை அவள் கையில்தான் கொடுத்தேன். அடுத்த வாரம் போனபோது நானே மறித்துக் கேட்டேன்.

"என்ன, பேய் எறங்குச்சா?"

"எறங்கிருச்சு, மிஸ்!" முகமெல்லாம் சிரிப்பு. பிறகு குரல் தாழ்ந்தது. "நேத்து மடுவத்துல அம்மாவுக்கு ரெண்டு கிலோ கழிச்சாங்க. நேத்து மழையே இல்ல. தொட்டுப் பாருங்கன்னு நான் சொன்னேன். யாரும் தொடல."